சிலும்பன் ஏன் கத்தினான்?

"சிறுத்தை! சிறுத்தை வருது! ஓடுங்க! ஓடுங்க!"

குளக்கரை அத்தி மரத்தடியிலிருந்து இந்தச் சத்தம் கிளம்பியதுதான் தாமதம், காடே கலங்கிப்போனது. மேய்ந்துகொண்டிருந்த புள்ளிமான்கள் வாலைத் தூக்கிக்கொண்டு திசைக்கொன்றாகச் சிதறின. உதிர்ந்த பழங்களைப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்த மந்திகள், கைக்கு அகப்பட்ட குட்டிகளை வாரி எடுத்துக்கொண்டு உச்சிக் கிளைக்குத் தாவின.

மேலே போய் உட்கார்ந்து, மூச்சு வாங்கியபடி எல்லோரும் கீழே பார்த்தார்கள். சிறுத்தையைக் காணோம். குளத்தில் ஒரு கொக்கு மட்டும் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தது. சிறுத்தை வந்த இடத்தில் கொக்கு அவ்வளவு நிதானமாக நிற்காது.

"யாரது கத்தினது?" என்று உறுமினார் நெட்டைவாலர். அவர்தான் அந்த மந்திக் கூட்டத்துக்குத் தலைவர்.

"நான்தான் மாமா!" என்றான் சிலும்பன்.

சிலும்பன் அவருடைய தங்கை மருதாயியின் மகன். தலைமயிர் எப்போதும் சிலும்பிக்கொண்டு நிற்பதால் அவனுக்கு அந்தப் பெயர். இப்போது அவன் சித்தியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அவள் மடியில் சுகமாக உட்கார்ந்திருந்தான்.

"எங்கடா சிறுத்தை?"

"அந்தப் புதருக்குப் பின்னாடி பார்த்தேன் மாமா. போயிடுச்சு போல!"

காவல் மந்தி இறங்கிப் போய்ப் புதரைச் சுற்றி வந்தது. குளக்கரைச் சேற்றில் கால்தடம் தேடியது. மான்களின் குளம்புத் தடங்களைத் தவிர வேறொன்றும் இல்லை.

"பொய்யா சொல்ற?" நெட்டைவாலர் சிலும்பனின் காதைப் பிடித்துத் திருகினார். சித்தி அவனை மடியிலிருந்து தள்ளி இறக்கிவிட்டாள். காதைத் திருகியபோது அழாதவன், சித்தி இறக்கிவிட்டபோது உதட்டைப் பிதுக்கினான். அதை யாரும் கவனிக்கவில்லை. பெரியவர்களுக்கு ஆயிரம் வேலை.

இந்த மந்திகளிடம் ஒரு வழக்கம் உண்டு. குட்டி பிறக்கும்போது கரி பூசினாற்போல இருக்கும். அந்தக் கறுப்பு மாறும் வரை அதற்கு ராஜ வாழ்வுதான். அம்மா மடி, அத்தை மடி, சித்தி மடி என்று நாள் முழுவதும் கை மாறிக்கொண்டே இருக்கும். அதைத் தூக்கிக் கொஞ்ச ஒரே போட்டியாக இருக்கும்.

ரோமத்தில் சாம்பல் நிறம் ஏறிவிட்டதோ, அத்தோடு எல்லாம் தீர்ந்தது. பிள்ளை மடியை விட்டு இறங்கிவிட வேண்டும். பெற்ற தாய்கூடத் தூக்கக் கூடாது. தூக்கினால் பிள்ளை கெட்டுப்போகும், கிளை தாவக் கற்றுக்கொள்ளாது என்று அவர்கள் உறுதியாக நம்பினார்கள். யார் எப்போது அப்படி முடிவு செய்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. கேட்டதும் இல்லை.

இதற்கு ஒரே ஒரு விலக்கு. ஆபத்து என்று குரல் கேட்டால் கறுப்பா சாம்பலா என்று பார்க்கக் கூடாது. பக்கத்தில் நிற்கும் குட்டியைத் தூக்கிக்கொண்டு மரமேற வேண்டும்.

சிலும்பனுக்குச் சாம்பல் ஏறிக் கொஞ்ச காலம் ஆகியிருந்தது. அப்போதும் யாரும் பார்க்காத நேரத்தில் மருதாயி அவனைப் பக்கத்தில் இழுத்துப் பேன் பார்ப்பாள். அவனும் அவள் முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வான். பிறகு தங்கச்சி கறுப்பி பிறந்தாள். மருதாயிக்குக் கை ஒழியவில்லை. பேன் பார்ப்பதும் நின்றுபோனது.

இந்தப் பொய்க் கூச்சலுக்கெல்லாம் முன்பு ஒரு நாள் நிஜமாகவே சிறுத்தை வந்தது. காவல் மந்தி கத்தியதும் மருதாயி ஒரு கையில் கறுப்பியை அணைத்துக்கொண்டு, மறு கையால் சிலும்பனை அள்ளிக்கொண்டு மேலே ஏறினாள். சிறுத்தை மரத்தடியில் வெகுநேரம் சுற்றிச் சுற்றி வந்தது. அவ்வளவு நேரமும் மருதாயி சிலும்பனை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்திருந்தாள். கூட்டமே வெடவெடவென்று நடுங்கியது. சிலும்பன் மட்டும் அம்மாவின் கழுத்தடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தான்.

சிறுத்தை போய்விட்டது. மருதாயி அவனைக் கிளையில் இறக்கிவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் சிலும்பன் கத்த ஆரம்பித்தான்.

காலையில் ஒரு முறை கத்துவான். வெயில் ஏறியதும் ஒரு முறை கத்துவான். கத்திவிட்டு ஓடவும் மாட்டான். நின்ற இடத்திலேயே இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு நிற்பான். ஓடுகிற அவசரத்தில் யாராவது ஒருத்தி அவனை அள்ளிக்கொண்டு போவாள். மேலே போனதும் பொய் என்று தெரியும். உடனே காதில் ஒரு திருகு, முதுகில் ஒரு அடி, நாலு வசவு. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு மறுபடியும் போய்க் கத்துவான்.

கத்தாத நேரத்தில் வேறு வேலைகள் இருந்தன. தங்கச்சியின் வாலைக் கிள்ளுவான். சித்தி பொறுக்கி வைத்த பழத்தைக் குளத்தில் வீசுவான். அடித்தால் அடித்த கையைப் பிடித்துக்கொண்டு தொங்குவான்.

"இவனை மாதிரி ஒரு பிள்ளையை நான் பார்த்ததே இல்ல!" என்று எல்லோரும் அலுத்துக்கொண்டார்கள்.

மரத்தடியில் மேய்கிற மான்களுக்கும் பொறுமை போய்விட்டது. மந்திகள் மேலிருந்து உதிர்க்கும் இலையையும் பழத்தையும் தின்று, மந்திகள் கொடுக்கும் குரலை நம்பிப் பிழைக்கிறவை அவை. ஒரு நாள் செம்பி என்ற பெண்மான் நேராக நெட்டைவாலரிடம் வந்தது.

"அண்ணே! இந்தப் பிள்ளையை அடக்கப்போறீங்களா, இல்லையா?"

"என்ன ஆச்சு செம்பி?"

"என்ன ஆச்சா? இவன் கத்தினான்னு ஓடினதுல என் குட்டி சேத்துல வழுக்கி விழுந்து நொண்டுது! பொழுதுக்கும் நாங்க ஓடிக்கிட்டே இருந்தா எப்பண்ணே மேயறது? ஒரு பிள்ளையை வளர்க்கத் தெரியல, இதுல உங்களுக்குக் கூட்டம் ஒரு கேடா!"

கடைசிச் சொல் நெட்டைவாலருக்குச் சுருக்கென்று தைத்தது. அவர் மருதாயியின் பக்கம் திரும்பினார். "கேட்டியா? உன் பிள்ளையால என் மானமே போகுது!"

மருதாயிக்கு முகம் செத்துப்போயிற்று. சிலும்பனைத் தரதரவென்று ஒரு கிளைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"ஏன்டா இப்படிப் பண்ற? சொல்லுடா! ஏன்?"

சிலும்பன் அவளை நிமிர்ந்து பார்த்தான். ஏன் என்று அவனை யாரும் அதுவரை கேட்டதில்லை. வாயைத் திறந்தான், மூடினான். வால் நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு மெதுவாக ஆரம்பித்தான். "அம்மா... நீ முன்னெல்லாம் என்னை..."

அதற்குள் கறுப்பி வீல் என்று அழுதாள்.

"இரு, வந்து கேக்குறேன்" என்று மருதாயி ஓடினாள். கறுப்பியை மடியில் போட்டுப் பாலூட்டினாள். கறுப்பிக்கு ஒரு வாரமாக வயிறு சரியில்லை. மருதாயி கண்மூடி எத்தனையோ நாளாகிவிட்டது. பாலூட்டிக்கொண்டே கிளையில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் சிலும்பன் அந்தக் கிளையிலேயே உட்கார்ந்து வெகுநேரம் காத்திருந்தான் என்பதையும் நான் சொல்லத்தான் வேண்டும்.

மறுநாள் நெட்டைவாலர் கூட்டத்தைக் கூட்டினார். சிலும்பனுக்கு என்ன கோளாறு என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள்.

"அத்திப்பழம் அதிகமாத் தின்னுட்டான். அந்தச் சூடு!" என்றது ஒரு கிழ மந்தி.

"அப்பன் புத்தி. எங்க போகும்?" என்றாள் ஓர் அத்தை.

"எல்லாம் செல்லம் கொடுத்ததுதான்! சாம்பல் ஏறின பிறகும் மருதாயி இவனுக்குப் பேன் பார்த்ததை நான் என் கண்ணாலே பார்த்தேன்!" என்றாள் சித்தி.

மருதாயி குற்றவாளிபோலத் தலையைக் குனிந்துகொண்டாள். அன்று பேசியவர்கள் எல்லோரும் சிலும்பனைப் பற்றித்தான் பேசினார்கள். சிலும்பனும் அங்கேயேதான் இருந்தான். அவனிடம் மட்டும் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

நெட்டைவாலர் தொண்டையைக் கனைத்தார். "இனிமே இவன் கத்தினா யாரும் அசையக் கூடாது. இன்னொண்ணு. எந்த ஆபத்து வந்தாலும் சரி, இவனை மட்டும் யாரும் தூக்கக் கூடாது. பொய்க் குரல் கொடுக்கிறவனுக்குத் தூக்குற மடி எதுக்கு? தானே ஏறட்டும். அப்பதான் புத்தி வரும்!"

"சரிதான்! சரிதான்!" என்று எல்லோரும் தலையாட்டினார்கள். கீழே நின்ற செம்பியும் தலையாட்டியது. மருதாயியும் ஆட்டினாள். அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

அன்று மாலை சிலும்பன் கத்தினான். "சிறுத்தை! சிறுத்தை வருது!"

ஒருவரும் அசையவில்லை. பழம் தின்றுகொண்டிருந்தவர்கள் தின்றுகொண்டே இருந்தார்கள். சிலும்பன் கைகளைத் தூக்கியபடி நின்றான். சித்தியைப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அத்தையைப் பார்த்தான். அவள் முதுகைச் சொறிந்துகொண்டாள்.

"சிறுத்தைம்மா! அம்மா! நிஜமா வருதும்மா!"

மருதாயி கறுப்பியின் தலையில் முகத்தை வைத்து அழுத்திக்கொண்டாள். எழுந்திருக்கவில்லை.

சிலும்பன் தொண்டை கட்டும்வரை கத்தினான். மறுநாளும் கத்திப் பார்த்தான். அதற்கடுத்த நாள் குரல் கீச்சென்று பாதியில் நின்றது. பிறகு அவன் கத்தவே இல்லை.

"பார்த்தீங்களா!" என்று நெட்டைவாலர் நெஞ்சை நிமிர்த்தினார். "பிள்ளைகளைத் திருத்தறது எப்படின்னு இனியாவது கத்துக்கங்க!"

"தங்கமான பிள்ளை ஆயிட்டான் அண்ணே!" என்று செம்பியும் புகழ்ந்தது.

உண்மைதான். சிலும்பன் தங்கமாகிவிட்டான். தங்கச்சியின் வாலைக் கிள்ளுவதில்லை. பழத்தை வீசுவதில்லை, அதிகம் தின்பதுமில்லை. மற்ற குட்டிகள் கிளைக்குக் கிளை தாவி விளையாடும்போது, இவன் கீழே குளக்கரையில் தனியாக உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பான். முன்பு சிலும்பிக்கொண்டு நின்ற தலைமயிர் இப்போது அழுக்கேறித் தலையோடு படிந்து கிடந்தது. கத்துகிற பிள்ளையைப் பற்றிக் கவலைப்பட அந்தக் காட்டில் எத்தனையோ பேர் இருந்தார்கள். சத்தம் போடாத பிள்ளையைப் பற்றிக் கவலைப்பட ஒருவரும் இல்லை.

இப்படி இருக்கும்போது ஒரு நடுப்பகலில் காவல் மந்தியின் குரல் கேட்டது.

"சிறுத்தை! குளத்துப் பக்கம்! சிறுத்தை!"

இந்த முறை கொக்கும் பறந்துவிட்டது. மான்கள் பாய்ந்து ஓடின. தாய்கள் அலறிக்கொண்டு குட்டிகளைத் தூக்கினார்கள். மருதாயி கறுப்பியோடு மேல் கிளையில் இருந்தாள். அவள் கீழே பார்த்தாள்.

சிலும்பன் குளக்கரையில் நின்றான். அவனுக்கும் மரத்துக்கும் இடையே ஒரு தாவல் தூரம்தான். நாணல் விலகி மஞ்சள் உடம்பு தெரிவதை அவன் பார்த்தான். ஆனாலும் ஓடவில்லை. இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றான்.

சித்தி அவன் பக்கத்திலேயே ஓடிவந்தாள். அவள் கை அவனை நோக்கி நீண்டது. உடனே அண்ணன் சொன்னது ஞாபகம் வந்தது. இவன் தானே ஏறுவான், ஏற வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, அப்பால் நின்ற இன்னொரு குட்டியை வாரிக்கொண்டு போய்விட்டாள்.

"சிலும்பா! ஏறுடா! ஏறு!" என்று மருதாயி அலறினாள்.

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். கைகளை இன்னும் கொஞ்சம் உயர்த்தினான்.

சிறுத்தை பாய்ந்தது.

மருதாயி கறுப்பியைப் பக்கத்தில் இருந்தவள் கையில் திணித்துவிட்டு, மேலிருந்து நேராகச் சிறுத்தையின் முதுகில் விழுந்தாள். அதைப் பார்த்து நெட்டைவாலர் குதித்தார். கூட்டம் முழுவதும் கிளைகளை ஒடித்துக்கொண்டு, பல்லைக் காட்டிக் கூச்சலிட்டுக்கொண்டு கீழே இறங்கியது. இவ்வளவு மந்திகளைச் சிறுத்தை ஒரே நேரத்தில் தரையில் பார்த்ததில்லை. மிரண்டுபோய், வாயில் பிடித்ததை விட்டுவிட்டு நாணலுக்குள் மறைந்தது.

சிலும்பன் உயிரோடு இருந்தான். அவனுடைய ஒரு பின்னங்கால் மட்டும் நசுங்கித் தொங்கியது.

மருதாயி அவனை மடியில் போட்டுக்கொண்டு மேலே ஏறினாள். கூட்டம் சுற்றி நின்றது. நெட்டைவாலர் பயமும் கோபமுமாகக் கத்தினார்.

"ஏன்டா ஏறல? உனக்கு மரம் ஏறத் தெரியாதா?"

"தெரியும் மாமா."

"அப்புறம் ஏன்டா நின்ன?"

"சிறுத்தை வந்தா தூக்குவீங்கல்ல மாமா. அதான் நின்னேன்." சிலும்பனுக்கு மூச்சு வாங்கியது. கொஞ்சம் பயந்தவன்போல மாமாவின் முகத்தைப் பார்த்தான். "இன்னிக்கு நான் கத்தல மாமா. காவல்காரருதான் கத்தினாரு. நிஜச் சிறுத்தைதானே? அப்ப அம்மா என்னைத் தூக்கலாம்தானே?"



"அடேய்..." மருதாயி அவன் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். "இத்தனை நாளும் இதுக்காகவாடா கத்தின?"

களவு செய்து பிடிபட்டவன்போலச் சிலும்பன் தலையைக் குனிந்துகொண்டான். "கறுப்பி கறுப்பா இருக்கா. அவளை எப்பவும் தூக்கறீங்க. நான் சாம்பல் ஆயிட்டேன். சிறுத்தை வந்தாத்தான் தூக்கறீங்க. சிறுத்தை தினமும் வரமாட்டேங்குதும்மா."

மருதாயி வாய்விட்டு அழுதாள். சித்தி, நீட்டி மடக்கிய தன் கையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நெட்டைவாலர் யாருடைய முகத்தையும் பார்க்காமல் கிளையின் மறுபக்கம் போய் உட்கார்ந்தார்.

கீழே செம்பி நின்றுகொண்டிருந்தது. "நான் வந்து சத்தம் போட்டபோதாவது இவன் முகத்தைப் பார்த்திருக்கலாமே! பாவி, நானும் ஒரு பிள்ளையைப் பெத்தவதானே!" என்று தலையைத் தரையில் முட்டிக்கொண்டது.

நெட்டைவாலர் மறுநாளே அந்த வழக்கத்தை எடுத்துவிட்டார். கறுப்போ சாம்பலோ, எந்தப் பிள்ளை கையை நீட்டினாலும் தூக்கலாம் என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டார். இவ்வளவு சுலபமாக எடுக்கக்கூடிய வழக்கமா அது என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

இப்போது சிலும்பனைத் தூக்க ஆள் போட்டி போடுகிறது. சித்தி தூக்குகிறாள், அத்தை தூக்குகிறாள், நெட்டைவாலரே தோளில் வைத்துக்கொண்டு குளக்கரை முழுவதும் சுற்றுகிறார். கால் போன பிள்ளையைத் தூக்கித்தானே ஆக வேண்டும்! இத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் சரியாகவில்லை.

ஒவ்வொரு நாளும் மருதாயி அவனை மடியில் எடுத்துப் போட்டுப் பேன் பார்க்கிறாள். அவள் கை பட்டதும் அவன் உடம்பு விறைத்துப்போகிறது.

"சிறுத்தை எங்கம்மா?" என்கிறான்.

"சிறுத்தை இல்லடா கண்ணு."

"வந்துடுச்சாம்மா?"

"இல்லடா. சும்மாதான் தூக்கினேன்."

"சும்மா ஏம்மா தூக்குவாங்க?"

மருதாயி எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டாள். அவன் தலையை ஆட்டுகிறான், ஆனால் நம்புவதில்லை. அம்மாவின் மடியில் படுத்தபடியே அவன் கண்கள் கீழே ஒவ்வொரு புதராகச் சிறுத்தையைத் தேடிக்கொண்டிருக்கின்றன.

பிள்ளையின் சேட்டையை அடக்கப் புறப்படும் முன், அந்தச் சேட்டை நம்மிடம் எதைக் கேட்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாமல் அடக்கினால் சேட்டையோடு பிள்ளையும் அடங்கிப்போகும்.